செய்தி சொன்ன பிறகு: ஜூலியஸ் ஆக்செல்ராடும் நரம்பு முனைகளும்

(அறிவியல் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மூளையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஒரு செய்தி எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குவார்கள். நான் அதன் மறுமுனையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு நரம்பு செல் பக்கத்துச் செல்லுக்குச் செய்தி சொல்லிவிட்டது. அதற்காக அது வெளியிட்ட வேதிப்பொருள் இரண்டு செல்களுக்கும் நடுவே, சினாப்ஸ் என்னும் மிகக் குறுகிய இடைவெளியில் கிடக்கிறது. அது அங்கேயே கிடந்தால் முதல் செய்தி ஓயாது, இரண்டாவது செய்தியும் தெளிவாகக் கேட்காது. அப்படியானால் அதை அகற்றுவது யார்? அகற்றிய பின் அது எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்கு 1961-ஆம் ஆண்டுவாக்கில் விடை சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி ஜூலியஸ் ஆக்செல்ராட். மனச்சோர்வுக்கு மருந்து தரும் மருத்துவரும், கொக்கெய்ன் போதையை ஆராய்கிறவரும், பார்க்கின்சன் நோயை ஸ்கேனில் பார்க்கிறவரும் அந்த விடையின் மேல்தான் நின்று வேலை செய்கிறார்கள். செய்தியை முடித்துவைப்பதும் மூளை செய்கிற ஒரு வேலை, அதையும் ஆராய வேண்டும் என்று அவர் காட்டினார். அதற்குப் பிறகு நரம்பியலின் போக்கே மாறிவிட்டது. அது எப்படி மாறியது என்பதே இன்றைய என் பேச்சு.

முதலில் அதற்கு முந்தைய நிலவரத்தைப் பார்ப்போம். 1921-இல் ஆட்டோ லோவி தவளையின் இதயத்தை வைத்து ஒரு சோதனை செய்தார். நரம்பு வேதிப்பொருள் மூலமாகவே பேசுகிறது என்பது அதில் நிரூபணமானது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் தெரிந்தது. அதைச் சிதைக்க ஒரு நொதி இருப்பதும், அந்த நொதி மின்னல் வேகத்தில் வேலை செய்வதும் தெரியவந்தன. செய்தியைக் கொண்டுசெல்லும் வேதிப்பொருளான கடத்தி வெளியே வரும், நொதி அதை உடைக்கும், செய்தி முடியும். பாடம் அழகாக இருந்தது. எல்லாக் கடத்திகளுக்கும் இதுவே விதியாக இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நார்அட்ரினலின் என்ற இன்னொரு கடத்திக்கான நொதியைக் கண்டுபிடிப்பதுதான் மிச்சம் என்று தோன்றியது.

ஆக்செல்ராட் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி நேரானது அல்ல. 1912-இல் நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் பிறந்தார். போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பம்; தந்தை கூடை முடைபவர். 1933-இல் நகரக் கல்லூரியில் பட்டம் பெற்று மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தார், எங்கும் இடம் கிடைக்கவில்லை. பிறகு உணவில் சேர்க்கும் வைட்டமின்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அந்நாட்களில் அம்மோனியா பாட்டில் வெடித்து ஒரு கண்ணின் பார்வை போயிற்று. 1946-இல் பெர்னார்ட் பிராடி என்னும் மருந்தியல் அறிஞரோடு சேர்ந்த பிறகுதான் அவர் உண்மையான ஆய்வைத் தொட்டார். அசிட்டனிலைடு என்ற பழைய வலி மருந்து உடலுக்குள் போனதும் பாராசிட்டமாலாக மாறுகிறது, வலியைக் குறைப்பது அந்தப் பாராசிட்டமாலே என்று 1948-இல் இருவரும் காட்டினார்கள். இன்று நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் மாத்திரை மீண்டும் புழக்கத்துக்கு வர அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஆனாலும் அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. அதை 1955-இல், வயது 40-ஐத் தாண்டிய பின்புதான் வாங்கினார். அதன்பிறகே அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஒரு மருந்தியல் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது.

அந்த நாட்களில் கனடாவில் பணியாற்றிய இரண்டு மனநல மருத்துவர்கள் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்கள். உடலில் அட்ரினலின் தவறான வழியில் சிதைந்து அட்ரினோகுரோம் என்ற பொருளாக மாறுகிறது, மனச்சிதைவு நோய்க்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார்கள். அட்ரினலினை அப்படி மாற்றும் நொதி உண்டா என்று ஆக்செல்ராட் பல மாதங்கள் தேடினார், கிடைக்கவில்லை. 1957-இல் வேறொரு ஆய்வுக் குழு ஒரு சிறு தகவலை வெளியிட்டது. அட்ரினல் கட்டி உள்ள நோயாளிகளின் சிறுநீரில் மீதைல் தொகுதி ஒட்டிய ஒரு கழிவுப்பொருள் மிகுதியாக இருக்கிறது என்பதே அந்தத் தகவல். ஆக்செல்ராட் அதைப் படித்தார். அட்ரினலின் மீது மீதைல் தொகுதியை ஒட்டும் நொதி ஒன்று இருந்தாக வேண்டும் என்று ஊகித்து, கல்லீரலில் அதைத் தேடிப் பிடித்தார். அதைத்தான் இன்று காம்ட் நொதி என்கிறோம்.

இத்தோடு கதை முடிந்தது என்றே யாரும் நினைத்திருப்பார்கள். நொதி கிடைத்துவிட்டது, விடையும் கிடைத்துவிட்டது. ஆக்செல்ராட் இங்கே நிற்கவில்லை. காம்ட் நொதியை மருந்தால் முடக்கிப் பார்த்தார்கள். மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியையும் முடக்கிப் பார்த்தார்கள். இரண்டையும் முடக்கிய பிறகும் நார்அட்ரினலினின் வேகம் வழக்கம்போலச் சடுதியில் அடங்கிவிட்டது. தாம் கண்டுபிடித்த நொதியே விடை இல்லை என்று இது சொன்னது. அப்படிச் சொன்ன சோதனைக்கு அவர் காது கொடுத்தார். என் கணக்கில் அவர் பெருமையெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அதே நிறுவனத்தில் சீமோர் கெட்டி என்னும் மூத்த விஞ்ஞானி, மனச்சிதைவு ஆய்வுக்காக டிரிட்டியம் ஏற்றிய அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் தயாரித்து வாங்கியிருந்தார். டிரிட்டியம் என்பது கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜன். அதை ஏற்றிய மூலக்கூறு உடலில் எங்கே போனாலும் பின்தொடரலாம். கதிரியக்கம் அதிகமாக இருந்ததால் மிகச் சிறிய அளவே போதும். உடலின் இயல்பைக் குலைக்காமல் கண்காணிக்க முடியும். ஆக்செல்ராட் அதில் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.

பூனையின் இரத்தக்குழாயில் அந்த நார்அட்ரினலினைச் செலுத்தினார்கள். இரத்த அழுத்தம் ஏறி இறங்கியது, விளைவு சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆனால் சில மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் சிதையாத நார்அட்ரினலின் இதயத்திலும் மண்ணீரலிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் தங்கியிருந்தது. மூன்றும் பரிவு நரம்புகள் அடர்த்தியாகப் பாயும் உறுப்புகள். அப்படியானால் அது தங்கியிருப்பது உறுப்பின் சதையிலா, அதில் முடியும் நரம்பிலா?

இதைப் பிரித்துப் பார்க்க வியன்னாவிலிருந்து வந்திருந்த கியோர்க் ஹெர்ட்டிங்கும் ஆக்செல்ராடும் ஒரு சோதனை செய்தார்கள். வகுப்பில் இதை மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும். பூனையின் கழுத்தில், மேற்பகுதியில், இடமும் வலமுமாகப் பரிவு நரம்பு முடிச்சு ஒன்று உண்டு. அந்தந்தப் பக்கத்துக் கண் தசைகளுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் நரம்புகள் அங்கிருந்தே போகின்றன. ஒரு பக்கத்து முடிச்சை மட்டும் அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் அந்தப் பக்கத்து நரம்பு முனைகள் அழிந்துபோயின. சுரப்பி அப்படியே இருக்கிறது, இரத்த ஓட்டமும் இருக்கிறது, நரம்பு மட்டும் இல்லை. மறுபக்கம் எல்லாம் இயல்பாக இருக்கிறது. இப்போது டிரிட்டியம் ஏற்றிய நார்அட்ரினலினைச் செலுத்தினார்கள். நரம்பு உள்ள பக்கம் ஏராளமாக எடுத்துக்கொண்டது. நரம்பு இல்லாத பக்கத்தில் அது மிகவும் குறைந்துபோயிருந்தது. ஒரே பூனை, ஒரே இரத்தம், ஒரே மருந்து. இரண்டு பக்கங்களுக்கும் வித்தியாசம் நரம்பு மட்டுமே. சந்தேகத்துக்கு இடமில்லாமல் விடை கிடைத்தது.

அடுத்து மண்ணீரல். கதிரியக்க நார்அட்ரினலினை உள்வாங்கியிருந்த மண்ணீரலின் நரம்பை மின்சாரத்தால் தூண்டினார்கள். அங்கிருந்து வெளியேறும் இரத்தத்தில் அதே நார்அட்ரினலின் வந்தது. வெளியிலிருந்து எடுத்துக்கொண்டதை நரம்பு தன் சொந்தச் சரக்காகவே வைத்திருந்து, அழைப்பு வந்ததும் மறுபடி வெளியிட்டிருக்கிறது.

டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காகிதக் கோப்பையில் டீ குடித்தால் குடித்ததும் கசக்கிப் போட்டுவிடுகிறோம். கண்ணாடி டம்ளரில் குடித்தால் கடைக்காரர் அதைத் திரும்ப வாங்கிக் கழுவி அடுத்தவருக்குக் கொடுக்கிறார். அசிட்டைல்கோலினின் வழி முதலாவது, நார்அட்ரினலினின் வழி இரண்டாவது. டோபமின், செரட்டோனின், காபா, குளுட்டமேட் ஆகிய முக்கியக் கடத்திகளும் உடைக்கப்படுவதற்கு முன் செல்லுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகின்றன என்பது பின்னர் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

இங்கே மருந்துகள் வருகின்றன. கொக்கெய்ன் கொடுத்த விலங்குகளில் நரம்பு முனைகள் நார்அட்ரினலினை எடுத்துக்கொள்ளவில்லை, இரத்தத்தில் அதன் அளவு கூடியது. கொக்கெய்ன் எந்த இடத்தில் கை வைக்கிறது என்பது முதன்முறையாகத் தெரிந்தது. இமிப்ரமின் என்ற மருந்தின் கதை இன்னும் சுவையானது. 1950-களின் நடுவில் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ரோலண்ட் குன், அது ஆழ்ந்த மனச்சோர்வில் கிடந்தவர்களை எழுப்புவதைக் கவனித்தார். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. 1961-இல் ஆக்செல்ராட் குழு, கடத்தியை நரம்பு முனை திரும்ப எடுத்துக்கொள்ளும் அதே மீட்பு வேலையைத்தான் இமிப்ரமினும் தடுக்கிறது என்று காட்டியது. வெளியிலிருந்து செலுத்தும் நார்அட்ரினலின் மூளைக்குள் போகாது. ஆகவே 1964-இல், பாரிஸிலிருந்து வந்த ஜாக் குளோவின்ஸ்கி எலியின் மூளை அறைக்குள்ளேயே அதைச் செலுத்தி, மூளையிலும் இமிப்ரமினுக்கு அதே விளைவு உண்டு என்று காட்டினார். மனநோய் மருந்து ஒன்று மூளையின் எந்தப் படியில் வேலை செய்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது அன்றைக்குப் பெரிய செய்தி. 1970-இல் உல்ஃப் வான் ஆய்லர், பெர்னார்ட் காட்ஸ் ஆகியோரோடு ஆக்செல்ராட் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பரிசு கிடைத்ததோடு ஒரு ஆய்வின் தாக்கம் முடிந்துவிடுவதில்லை. அது எப்படிக் கைமாறுகிறது என்று பாருங்கள். ஆக்செல்ராடின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற இளைஞர்களில் ஒருவர் சாலமன் ஸ்னைடர். அரைத்த மூளைத் திசுவிலிருந்து நரம்பு முனைகளைச் சிறு பைகளாகப் பிரித்தெடுத்து, அவை கடத்தியை எடுத்துக்கொள்வதை அளக்கும் முறையில் அவர் தேர்ந்தார். அவர் எலி லில்லி மருந்து நிறுவனத்தில் ஒரு உரை நிகழ்த்தினார். அதைக் கேட்ட டேவிட் வோங் அந்த முறையைத் தம் வேலைக்கு எடுத்துக்கொண்டார். செரட்டோனின் மீட்பை மட்டும் தடுக்கும் ஒரு மூலக்கூறைத் தேடிப் பிடித்து, வோங்கும் அவருடைய சகாக்களும் 1974-இல் வெளியிட்டார்கள். அதுதான் ஃபுளுவாக்செட்டின். 1987 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, புரோசாக் என்ற பெயரில் உலகெங்கும் போயிற்று.

மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இந்த மாத்திரைகள் மீட்பைத் தடுப்பது சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. நோயாளி தேறுவதற்கோ சில வாரங்கள் ஆகின்றன. ஆகவே மனச்சோர்வு என்பது செரட்டோனின் குறைந்துபோவதால் வருவது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது தவறு. மருந்து எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிட்டால் நோய் எங்கே பிறக்கிறது என்றும் தெரிந்துவிட்டதாகப் பொருள் இல்லை. பலருக்கு இந்த மருந்துகள் உதவுகின்றன. மருத்துவரைக் கேட்காமல் அவற்றை யாரும் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது.

ஆக்செல்ராட் ஒரு வேலை நடப்பதைக் காட்டினார். அதைச் செய்யும் புரதம் எது என்பது அப்போது தெரியாது. ஜெருசலேமில் பாருக் கேனர் எலி மூளையிலிருந்து சவ்வுப் பைகளைத் தயாரித்து, காபாவை உள்ளே இழுக்கும் சக்தி சோடியத்திலிருந்து வருகிறது என்று காட்டினார். 1986-இல் அந்தப் புரதத்தையே தனியாகப் பிரித்தார். அதன் துணையோடு 1990-இல் அதன் மரபணு கிடைத்தது. 1991-இல் சூசன் அமாரா, ராண்டி பிளேக்லி, டடேயுஸ் பச்சோல்சிக் ஆகியோர் நார்அட்ரினலினை உள்ளே இழுக்கும் புரதமான நார்அட்ரினலின் டிரான்ஸ்போர்ட்டரின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில் டோபமினுக்கும் செரட்டோனினுக்கும் உரியவையும் கிடைத்தன. எல்லாம் ஒரே குடும்பம். ஏறத்தாழ 600 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி, செல்லின் சவ்வை 12 முறை ஊடுருவி நிற்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது? செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு. வெளியே உள்ள சோடியம் எப்போதும் உள்ளே வரத் துடிக்கிறது. டிரான்ஸ்போர்ட்டர் வெளிப்பக்கம் திறந்து நிற்கும்போது சோடியம் அயனியும் கடத்தி மூலக்கூறும் அதன் நடுவில் போய் அமர்கின்றன. புரதம் வெளிப்பக்கத்தை மூடி உள்பக்கத்தைத் திறக்கிறது, இரண்டும் உள்ளே விழுகின்றன. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. சோடியம் தன் போக்கில் வருகிறது, கடத்தியையும் கூடவே இழுத்து வருகிறது. இந்த அமைப்பை அணு அணுவாகப் பார்க்க 2005-இல் வழி பிறந்தது. எரிக் கூவோவின் குழு, கொதிநிலையை நெருங்கும் சூட்டில் வாழும் ஒரு பாக்டீரியாவின் உறவுக்காரப் புரதத்தைப் படிகமாக்கிப் படம் பிடித்தது. 2013-இல் அதே குழு பழ ஈயின் டோபமின் டிரான்ஸ்போர்ட்டரை, மனச்சோர்வு மருந்து ஒன்று அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே படம் பிடித்தது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அரவிந்த் பென்மட்சா. பின்னர் அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதே துறையில் தம் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். 1961-இல் மருந்து தடுக்கிறது என்று மட்டுமே சொல்ல முடிந்தது; 52 ஆண்டுகளில் அது எந்த இருக்கையை அடைத்துக்கொண்டு தடுக்கிறது என்று காட்ட முடிந்தது.

இந்தப் புரதம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1996-இல் மார்க் காரன் குழு, டோபமின் டிரான்ஸ்போர்ட்டர் மரபணுவை நீக்கிய எலிகளைப் பற்றி எழுதியது. வெளியே வந்த டோபமின் அந்த எலிகளில் 100 மடங்கு நேரம் தங்கியது. அவை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. கொக்கெய்னும் ஆம்பெட்டமினும் அவற்றின் ஓட்டத்தை மேலும் கூட்டவில்லை. பின்னர் இன்னொன்றும் தெரிந்தது. அந்த எலிகளின் நரம்பு முனைகளில் டோபமின் கையிருப்பு இயல்பில் 20-இல் ஒரு பங்காகச் சுருங்கிப்போயிருந்தது. நரம்பு முனை புதிதாகத் தயாரிப்பதைவிடத் திரும்பப் பெறுவதையே பெரிதும் நம்பியிருக்கிறது என்பது இதில் விளங்கியது.

உள்ளே அழைத்துவரும் வழி சில சமயம் நஞ்சுக்கும் வழியாகிவிடுகிறது. 1982-இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் முதிய பார்க்கின்சன் நோயாளிகள்போல உறைந்துபோனார்கள். எம்.பி.டி.பி. என்ற கலப்படப் பொருள் காரணம் என்று மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் கண்டறிந்தார். மூளைக்குள் அது ஒரு நஞ்சாக மாறுகிறது. அந்த நஞ்சை டோபமின் டிரான்ஸ்போர்ட்டர் டோபமின் என்றே எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கிறது. மற்ற செல்கள் தப்பிக்க, டோபமின் செல்கள் மட்டும் சாவதற்கு இதுவே காரணம். இதே புரதத்தில் ஒட்டும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேன், பார்க்கின்சன் நோயில் எவ்வளவு நரம்பு முனை அழிந்திருக்கிறது என்று இன்று காட்டுகிறது. நம் நாட்டு மருத்துவமனைகளிலும் அதை எடுக்கிறார்கள்.

குளுட்டமேட் பக்கம் வந்தால் விஷயம் உயிர்ப் பிரச்சினை. மூளையின் தூண்டல் வேலையில் பெரும்பகுதி குளுட்டமேட்டால் நடக்கிறது. அதுவே மிஞ்சினால் செல்லைக் கொல்லும். அதைத் துடைத்தெடுக்கும் முக்கியப் பொறுப்பு நரம்பைச் சூழ்ந்த ஆஸ்ட்ரோசைட் செல்களுடையது. பக்கவாதத்தில் இரத்தம் நின்றதும் சக்தி தீர்கிறது, உள்ளே சோடியம் ஏறிவிடுகிறது, டிரான்ஸ்போர்ட்டர் தலைகீழாக ஓடி குளுட்டமேட்டை வெளியே கொட்டுகிறது. காப்பாற்ற வேண்டிய புரதமே கெடுதலைப் பெருக்குகிறது. பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று மருத்துவர்கள் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு துறை செல்வாக்குப் பெற்றால் அவசரமும் வந்து சேரும். செரட்டோனின் டிரான்ஸ்போர்ட்டர் மரபணுவின் ஒரு சிறு வேறுபாடு, வாழ்க்கை நெருக்கடியில் மனச்சோர்வு வருவதைத் தீர்மானிக்கிறது என்று 2003-இல் வந்த ஒரு கட்டுரை உலகப் புகழ் பெற்றது. பலர் அதன் மேல் கட்டினார்கள். 2009-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. 2019-இல் மிகப் பெரிய தரவுகளில் தேடியபோதும் கிடைக்கவில்லை. எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கை உண்மையின் அளவுகோல் ஆகாது. பூனையின் கழுத்து முடிச்சுச் சோதனை இன்றைக்கும் நிற்கிறது. காரணம், அதில் ஒப்பிட வேண்டியதை அந்த உடலுக்குள்ளேயே வைத்து ஒப்பிட்டார்கள்.

ஆகவே ஆய்வின் தாக்கம் என்பதை நான் இப்படிப் பார்க்கிறேன். பிராடியிடம் ஆக்செல்ராட் கற்றார், ஆக்செல்ராடிடம் ஸ்னைடர் கற்றார், ஸ்னைடரிடம் கேண்டஸ் பெர்ட் கற்றார். ஸ்னைடரும் பெர்ட்டும் 1973-இல் ஓபியம் வகை மருந்துகள் ஒட்டும் ஏற்பியை மூளையில் காட்டினார்கள். இந்தக் குரு சீடப் பரம்பரையைப் பற்றி ராபர்ட் கானிகல் தனி நூலே எழுதியிருக்கிறார். ஆக்செல்ராடிடம் வேலை கற்ற லெஸ்லி ஐவர்சன் கேம்பிரிட்ஜிலும், குளோவின்ஸ்கி பாரிஸிலும் தனித்தனிப் பள்ளிகளை வளர்த்தார்கள். அவர்கள் கொண்டுபோனது எளிய சோதனையில் பெரிய கேள்வியைக் கேட்கும் பழக்கம்.

இங்கே அமர்ந்திருக்கும் பேராசிரியர்களிடமும் நிர்வாகிகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மருத்துவக் கல்லூரி இடம் கொடுக்காத, 40 வயது வரை முனைவர் பட்டம் இல்லாத, ஒரு கண் பார்வை இழந்த ஒருவரிடம் ஒருவர் ஆய்வுக் கேள்வியைக் கொடுத்தார், இன்னொருவர் கதிரியக்க மருந்தில் பங்கு கொடுத்தார். அந்த இரண்டு உதவிகளும் இல்லையென்றால் இன்று நான் சொன்னதில் பெரும்பகுதி எப்போது தெரியவந்திருக்குமோ. நம் ஆய்வுக்கூடங்களிலும் பட்டம் குறைந்தவர்கள், தாமதமாக வந்தவர்கள், உதவியாளர் என்ற பெயரில் ஓரமாக நிறுத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் கை தேர்ந்தவர்களைக் கண்டுபிடித்து, சொந்தமாக ஒரு கேள்வியை அவர்களிடம் ஒப்படையுங்கள்.

மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது இது. பாடநூலில் ஒரு நிகழ்ச்சி எப்படித் தொடங்குகிறது என்று படித்ததும், அது எப்படி முடிகிறது என்று கேளுங்கள். விடை இல்லாவிட்டால் அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. நீங்களே கண்டுபிடித்த விடையாக இருந்தாலும், அது சரியில்லை என்று சோதனை சொன்னால் அதை விட்டுவிட்டு மேலே நடங்கள். ஆக்செல்ராட் அப்படித்தான் நடந்தார். நடந்த தூரம் நம் எல்லோருக்கும் பயன்படுகிறது.